எல்லாக் கண்ணாடியும் இறங்குதா? – மழைக்காலத்துக்கு முன் ஒரு பாடம்



ஆயுத பூஜை அன்னைக்கு நம்ம வீட்டுக் காடி எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. காலையிலேயே கழுவித் துடைச்சு, முன்பக்கம் சந்தனம் குங்குமம் வச்சு, மாலை போட்டு, டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு, கற்பூரம் காட்டி, குடும்பத்தோட கோவிலுக்கு ஒரு சுற்று போயிட்டு வருவோம். எல்லாம் நல்லதுதான். ஆனா அந்தக் காடியில பின்பக்கக் கதவுக் கண்ணாடி ஒன்று ஆறு மாசமா இறங்கவே இல்லைன்னா, நாம செய்த பூஜை முழுமையான பூஜையா?

நம்முடைய தாத்தா பாட்டி காலத்தில், தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள் ஆயுத பூஜைக்கு வெட்டுக் கத்தியைத்தான் சாமி முன்னால வச்சாங்க. வைக்கிறதுக்கு முன்னால அதைக் கழுவி, தீட்டி, கைப்பிடி ஆடுதான்னு பார்த்துட்டுத்தான் பொட்டு வச்சாங்க. மொட்டைக் கத்திக்குப் பொட்டு வச்சா மறுநாள் மரத்தில் பால் வராதுன்னு அவங்களுக்குத் தெரியும். கருவியை வணங்குவது என்றால் அதைச் சரியாக வைத்திருப்பதும் சேர்ந்ததுதான். இந்தப் பாடத்தில் காடியின் ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம்: கண்ணாடி. அது நமக்குப் பாதையைக் காட்டுகிறது. ஆபத்து வந்தால் வெளியேறும் வழியாகவும் இருக்கிறது. இரண்டாவது வேலையைத்தான் நாம் மறந்து விடுகிறோம்.

1. நம்ம கெடாவும் நம்ம மழையும்

கெடாவில் ஜனவரி, பிப்ரவரி பொதுவாகக் காய்ந்த மாதங்கள். பருவக்காற்று மாறும் ஏப்ரல்–மே மாதங்களிலும், பிறகு செப்டம்பர் தொடங்கி நவம்பர் வரையிலும் மழை அதிகம். நவராத்திரி, ஆயுத பூஜை, தீபாவளி எல்லாமே இந்த இரண்டாவது மழைக்காலத்தில்தான் வருது. குடும்பம் குடும்பமாகக் காடி ஏறி ஊருக்குப் போகிற நேரமும், வானம் கொட்டுகிற நேரமும் ஒன்றாக அமைஞ்சிருக்கு.

நம்ம மாநிலத்தில் தண்ணீர் மூன்று விதமாக வரும்.

முதலாவது, சமவெளி வெள்ளம். அலோர் ஸ்டார், ஜித்ரா, பெண்டாங் பக்கம் நெல் வயல் நிலம். தண்ணீர் மெதுவாக ஏறி, மெதுவாக வடியும். 2010 நவம்பர் தொடக்கத்தில் வந்த வெள்ளத்தில், அலோர் ஸ்டாருக்கு வடக்கே வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையின் ஒரு பகுதியே மூடப்பட்டது. அலோர் ஸ்டார் விமான நிலையமும் மூடப்பட்டது. நெடுஞ்சாலை மேல தண்ணி ஏறாதுன்னு நினைக்கிறவங்க இதை ஞாபகம் வச்சுக்கணும்.

இரண்டாவது, மலையிலிருந்து இறங்கும் திடீர் வெள்ளம். 2021 ஆகஸ்ட் 18 அன்று 1,217 மீட்டர் உயரமுள்ள குனோங் ஜெராயிலிருந்து இறங்கிய வெள்ளம் யான், மெர்போக் பகுதிகளைத் தாக்கியது, உயிர்கள் போயின. 2022 ஜூலை 4 அன்று பாலிங் மாவட்டத்தில் குப்பாங், கம்போங் இபோய் பகுதியில் சேறும் மரக்கட்டையுமாக வெள்ளம் வந்து, மூன்று பேர் இறந்தார்கள். இந்த வகை வெள்ளத்தில் யோசிக்க நேரம் கிடைக்காது. நாம நிக்கிற இடத்தில் மழையே இல்லாமல் இருக்கலாம்; மலை மேல பெய்தாலே போதும்.

மூன்றாவது, எப்போதும் அங்கேயே இருக்கிற தண்ணீர். நம்ம மாநிலத்தில் பல சாலைகள் நீர்ப்பாசனக் கால்வாயை ஒட்டியே ஓடுது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெட்டப்பட்ட வான் மாட் சமான் கால்வாய் மட்டும் அலோர் ஸ்டார் பக்கமிருந்து குரூண் பக்கம் வரை சுமார் 36 கிலோமீட்டர். இரவு மழையில் வழுக்கினால், பல இடங்களில் காடி போய் நிக்கிறது புல்வெளியில் இல்லை, தண்ணியில.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு நம்மில் பலர் சுங்கை பட்டாணி, பீடோங், லூனாஸ், பாடாங் செராய் பக்கம் வீடமைப்புப் பகுதிகளுக்கு வந்துட்டோம். வேலை கூலிம் தொழிற்பூங்காவிலோ பினாங்கிலோ. விடியற்காலை ஷிஃப்டு, நள்ளிரவு ஷிஃப்டு. பெரும்பாலும் அப்பா ஓட்டிய பழைய காடி. அதனால இது யாருக்கோ எழுதிய பாடம் இல்லீங்க.

2. ஒரே காடி, இரண்டு வகைக் கண்ணாடி

முன்கண்ணாடி, லேமினேட்டட் கண்ணாடி. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். கல் அடித்தால் விரிசல் விழும், ஆனா உடைஞ்சு மேலே கொட்டாது. சுத்தியலால் அடித்தாலும் படலம் பிடிச்சுக்கிட்டே இருக்கும். அதனால் அவசரத்தில் முன்கண்ணாடி வழியாக வெளியேற முயற்சி செய்வது நேரத்தை வீணாக்குவது.

கதவுக் கண்ணாடிகளும் பின்கண்ணாடியும் பெரும்பாலும் டெம்பர்ட் கண்ணாடி. சூடாக்கிச் சட்டென்று குளிர வைத்துத் தயாரிப்பதால், அதன் மேல்பரப்பு இறுகியிருக்கும், உள்ளே இழுவிசை இருக்கும். கையால், காலால் உதைத்தாலும் தாங்கும். ஆனா கூர்மையான ஒரு முனை அந்த மேல்பரப்பை ஓரிடத்தில் துளைத்தால் போதும், முழுக் கண்ணாடியும் சின்னச் சின்னத் துண்டுகளாக உதிர்ந்துவிடும்.

சில புதிய காடிகளில் கதவுக் கண்ணாடியும் லேமினேட்டட்தான். உங்க காடி எந்த வகைன்னு தெரிய, ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் உள்ள சின்ன முத்திரையைப் பாருங்க. பெரும்பாலும் அதில் வகை எழுதியிருக்கும். இன்னைக்கே பார்க்கலாம், செலவில்லை.

3. கண்ணாடி ஏன் நின்று போகுது?

பவர் விண்டோவில் பாகங்கள் கொஞ்சம்தான்: ஃபியூஸ், சுவிட்ச், கதவுக்குள்ளே ஒரு மோட்டார், கண்ணாடியைத் தூக்கி இறக்கும் ரெகுலேட்டர், கண்ணாடி ஓடுகிற ரப்பர் தடம். எது கெட்டதுன்னு கண்டுபிடிக்கக் காதும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

எந்தக் கண்ணாடியும் வேலை செய்யலையா? முதலில் ஃபியூஸைப் பாருங்க.

பயணிகள் பக்கக் கண்ணாடிகள் மட்டும் அவங்க சுவிட்சில் வேலை செய்யலையா? ஓட்டுநர் கதவில் இருக்கிற விண்டோ லாக் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கலாம். இது பழுதே இல்லை. ஆனா பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் கண்ணாடியைத் திறக்க முடியாது என்பதை ஓட்டுநர் எப்போதும் நினைவில் வைக்கணும்.

ஓட்டுநர் சுவிட்சில் இறங்குது, அந்தக் கதவின் சுவிட்சில் இறங்கலையா? சுவிட்ச் கெட்டிருக்கு. மழைத் தண்ணி உள்ளே போய் உள்தகடு துருப்பிடிப்பது சகஜம்.

இரண்டு சுவிட்சிலும் சத்தமே இல்லையா? மோட்டாராக இருக்கலாம். அல்லது கதவுக்கும் உடலுக்கும் நடுவே ரப்பர் குழாய்க்குள் ஓடுகிற வயர் அறுந்திருக்கலாம். கதவை ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடும்போது வயர் அந்த இடத்தில்தான் மடிஞ்சு மடிஞ்சு அறும்.

மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்குது, கண்ணாடி அசையலையா? ரெகுலேட்டர் கேபிள் அறுந்திருக்கு, இல்லைன்னா பிளாஸ்டிக் பிடி உடைஞ்சிருக்கு.

இறங்குது, ஆனா முக்கி முனகி இறங்குதா? ரப்பர் தடத்தில் தூசியும் மண்ணும். தோட்டத்துச் செம்மண் சாலையில் தினமும் ஓடுகிற காடிக்கு இது கட்டாயம் வரும். இப்படியே விட்டா மோட்டார் அதிக மின்சாரம் இழுத்துச் சூடாகி, கடைசியில் அதுவும் போகும். இருபது நிமிட வேலையில் முடிய வேண்டியது பெரிய செலவில் போய் முடியும்.

ஒரு தற்காலிக வழி: சுவிட்சை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே, இன்னொரு கையால் கதவின் உட்பலகையை, மோட்டார் இருக்கும் பக்கமாகத் தட்டுங்க. மோட்டாருக்குள்ளே தேய்ந்த கார்பன் பிரஷ் சில நேரம் தொடர்பு பிடிச்சு ஓடும். ஓடினால் சந்தோஷப்பட்டு விட்டுடக் கூடாது. அந்த மோட்டாரின் நாள் எண்ணப்படுதுன்னு அர்த்தம்.

4. நாம செய்யக்கூடியது, போர்மேன் செய்ய வேண்டியது

வீட்டு வாசலிலேயே நாம செய்யக்கூடிய வேலைகள் மூன்று.

முதலில், ரப்பர் தடத்தைச் சுத்தம் செய்வது. கண்ணாடியை இறக்கிவிட்டு, மெல்லிய குச்சியில் ஈரத்துணியைச் சுற்றித் தடத்துக்குள்ளே விட்டுத் துடைங்க. துணி கறுப்பாக வருவது நின்ற பிறகு, காய்ந்ததும் சிலிகான் ஸ்ப்ரே அடிங்க. சமையல் எண்ணெய், கிரீஸ் வேண்டாம். அவை தூசியைப் பிடிச்சுப் பசையாக்கிடும்.

இரண்டாவது, கதவின் அடித்துளைகளைத் திறப்பது. கதவுக்குள்ளே மழைத் தண்ணீர் போவது இயல்புதான். அது வெளியேற அடியில் சின்னத் துளைகள் வச்சிருப்பாங்க. சேறும் இலைத்தூளும் அடைச்சா தண்ணி உள்ளேயே தேங்கி, ரெகுலேட்டரும் மோட்டாரும் துருப்பிடிக்கும். விளக்குமாற்று ஈர்க்குச்சி ஒன்று போதும் துளையைத் திறக்க. கதவை ஆட்டும்போது உள்ளே தண்ணி குலுங்குகிற சத்தம் கேட்டால், துளை அடைச்சிருக்குன்னு அர்த்தம்.

மூன்றாவது, ஃபியூஸ் மாற்றுவது. பழைய ஃபியூஸில் என்ன எண் இருக்கோ, அதே எண்தான் போடணும். பெரிய எண் போட்டால், ஃபியூஸ் போகாது, வயர் எரியும்.

ரெகுலேட்டர், மோட்டார் மாற்றுவதைப் போர்மேனிடம் விடுவது நல்லது. பழகியவர் துணையோடு நீங்களே செய்வதாக இருந்தால், பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்க. கண்ணாடியை முழுக்க மேலே தூக்கி, கதவுச் சட்டத்தோடு அகலமான டேப் போட்டுக் கட்டுங்க; ரெகுலேட்டரை எடுத்ததும் கண்ணாடி சரிந்து விரலில் விழும். கதவுக்குள் தகட்டு விளிம்புகள் கத்தி மாதிரி இருக்கும், கையுறை வேணும். உட்பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைத் திரும்ப ஒட்டாமல் விட்டால், அடுத்த மழையில் தண்ணி காடிக்குள்ளே வரும். செலவு கட்டுப்படி ஆகலைன்னா, பழைய காடிகளை வெட்டிச் சாமான் விற்கிற கடையில் அதே மாடலின் ரெகுலேட்டர் கிடைக்குமான்னு போர்மேனைக் கேளுங்க.

கட்டையைச் சொருகி, டேப் ஒட்டி, “இப்போதைக்கு ஓடட்டும், பிறகு பார்த்துக்கலாம்” என்பது நம்ம பக்கம் பரவலான பழுதுபார்ப்பு. அதற்கு என்ன விலைன்னு 7-ஆம் பகுதியில் பார்ப்போம்.

முன்கண்ணாடியில் லோரிக் கல் அடித்துச் சின்னப் புள்ளி விழுந்தால், அதன் மேல் உடனே ஒரு தெளிவான டேப் ஒட்டுங்க, தண்ணியும் தூசியும் உள்ளே போகாமல் இருக்கட்டும். காசு அளவுக்குள் இருக்கும் புள்ளியைப் பிசின் செலுத்திச் சரிசெய்யலாம். வெயிலில் சுட்ட கண்ணாடி மேல குளிர்ந்த தண்ணி ஊற்றினால், புள்ளி நீண்ட விரிசலாக ஓடிவிடும். பிறகு மாற்றத்தான் வேணும். காடிக் காப்புறுதி புதுப்பிக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்க: முன்கண்ணாடிக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கா? வெள்ளத்துக்கு இருக்கா? கூடுதலாகக் கட்டிச் சேர்க்காவிட்டால், முழுக் காப்புறுதியிலும் வெள்ளச் சேதம் பொதுவாகச் சேராது. தனியாகச் சேர்த்த முன்கண்ணாடிப் பாதுகாப்பில் இழப்பீடு கேட்டால், நம்ம என்சிடி தள்ளுபடி குறையாது.

5. கண்ணாடி தெளிவாக இருக்கணும்

மழையில் கண்ணாடி மங்குவது இரண்டு வகை. விரலால் உள்பக்கம் துடைச்சுப் பாருங்க. தெளிந்தால் ஆவி உள்ளே இருக்கு: நம்ம மூச்சும் ஈர உடையும் தரும் ஈரம், மழையால் குளிர்ந்த கண்ணாடியில் படியுது. ஏர்கோனை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும் நிலையில் வைங்க. ஏர்கோன் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடும். ஏர்கோன் இல்லாத காடியில், கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்குவதுதான் வழி. அதற்குக் கண்ணாடி இறங்கணுமே!

உள்ளே துடைச்சும் தெளியலைன்னா ஆவி வெளியே. ஏர்கோன் குளிரில் கண்ணாடி சில்லிட்டு, வெளியிலுள்ள ஈரக்காற்று அதில் படியுது. ஒரு தடவை வைப்பர் போட்டு, ஏர்கோன் குளிரைக் குறைங்க.

வைப்பர் ரப்பர் நம்ம வெயிலில் சீக்கிரம் இறுகிப் போகும். கோடு கோடாகத் தண்ணி விட்டுச்சுன்னா மாற்றுங்க, அடுத்த சம்பளம் வரை காத்திருக்காதீங்க. டின்டட் விஷயத்தில், 2019 மே மாத விதிப்படி, முன்கண்ணாடி வழியாகக் குறைந்தது 70 விழுக்காடு வெளிச்சமும், முன்கதவுக் கண்ணாடி வழியாகக் குறைந்தது 50 விழுக்காடும் உள்ளே வரணும். பின்பக்கத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனா இரவில், மழையில், ரிவர்ஸ் எடுக்கும்போது சாலையோரக் கால்வாய் தெரியாத அளவுக்குக் கறுப்படிப்பது சட்டப்படி சரியாக இருந்தாலும் புத்திசாலித்தனம் இல்லை.

6. மழையில் ஓட்டுவது: கொஞ்சம் கணக்கு

மணிக்கு 90 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 25 மீட்டர். ஆபத்தைப் பார்த்து பிரேக் மிதிக்க ஒன்றரை வினாடி எடுத்துக்கொண்டால், அதற்குள்ளேயே 37 மீட்டர் போயிருப்போம். காய்ந்த சாலையின் உராய்வு அளவை 0.7 என்றும், நனைந்த சாலைக்கு 0.4 என்றும் வைத்துக் கணக்குப் போட்டால், காய்ந்த சாலையில் மொத்தம் சுமார் 83 மீட்டரில் நிற்போம். நனைந்த சாலையில் சுமார் 117 மீட்டர். வித்தியாசம் 34 மீட்டர், கிட்டத்தட்ட மூன்று பஸ் நீளம். அதனால்தான் மழையில் முன்னால் போகும் காடிக்கும் நமக்கும் நடுவே குறைந்தது நான்கு வினாடி இடைவெளி வேணும்னு சொல்றோம். முன்காடி ஒரு கம்பத்தைத் தாண்டும்போது எண்ணத் தொடங்குங்க.

அடுத்தது, டயர் தண்ணீர் மேல் மிதப்பது. டயரின் பள்ளங்கள் தண்ணியை வெளியேற்ற முடியாத வேகத்தில், டயருக்கும் சாலைக்கும் நடுவில் தண்ணீர்ப் படலம் நுழைந்துவிடும். பிறகு ஸ்டீயரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. 1963-இல் அமெரிக்காவின் நாசா விமான டயர்களை ஆராய்ந்து வெளியிட்ட கணக்குப்படி, இந்த வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நம்ம டயருக்கு அதைப் பொருத்தினால், 30 பிஎஸ்ஐ காற்றுக்குச் சுமார் 91 கி.மீ., 25 பிஎஸ்ஐ காற்றுக்குச் சுமார் 83 கி.மீ. காற்று குறைந்த டயர் சீக்கிரம் மிதக்கும். இது தோராயக் கணக்குதான். மொட்டை டயர் இதைவிடக் குறைந்த வேகத்திலும் மிதக்கலாம். சட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பள்ளம் 1.6 மில்லிமீட்டர், மழைக்கு அது விளிம்பு நிலைதான். காடி மிதப்பதாகத் தோன்றினால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்க, ஸ்டீயரிங்கை நேராகப் பிடிங்க, பிரேக்கை ஓங்கி மிதிக்காதீங்க.

மழையில் ஹெட்லைட் போடுங்க. நான்கு விளக்கும் மின்ன ஹசார்ட் போட்டுக்கொண்டு ஓட்டாதீங்க. பின்னால் வருபவருக்கு நீங்க நிக்கிறீங்களா, ஓடுறீங்களா, எந்தப் பக்கம் திரும்புறீங்கன்னு தெரியாது. ஹசார்ட், நின்றுபோன காடிக்கு. சாலையே தெரியாத மழையில், நெடுஞ்சாலை ஓரத்திலோ பாலத்துக்கு அடியிலோ நிற்காமல், பெட்ரோல் நிலையத்துக்கோ ஓய்வு இடத்துக்கோ போய் நில்லுங்க. நாட்டில் சாலையில் இறப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். மழையில் அவர்களை ஒட்டி ஓட்டித் தண்ணி அடிக்காதீங்க. அந்தத் தலைக்கவசத்துக்குள் இருப்பது நம்ம தம்பியாகவும் இருக்கலாம்.

7. தண்ணீர் ஏறிய சாலையும், தண்ணியில் விழுந்த காடியும்

“அந்த லோரி போகுது, நாமும் போகலாம்” என்று நினைக்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க. ஒரு சின்னக் காடியின் அடிப்பரப்பு சுமார் 5 சதுர மீட்டர். காடியின் அடித்தளத்துக்கு மேல் தண்ணி ஒரு சென்டிமீட்டர் ஏறினால், அது 50 கிலோவைத் தூக்கும். காடி 900 கிலோ, உள்ளே நாலு பேர் 240 கிலோ என்றால், 23 சென்டிமீட்டர் போதும். அடித்தளம் தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரம். ஆக மொத்தம் 38 சென்டிமீட்டர் தண்ணீரில், அதாவது முழங்காலுக்குக் கீழேயே, காடி மிதக்கும். அதற்கு முன்பே டயரின் பிடி குறையத் தொடங்கிவிடும். ஓடுகிற தண்ணீர் காடியைக் கால்வாய்ப் பக்கம் தள்ளிவிடும். சாலை எங்கே முடியுது, கால்வாய் எங்கே தொடங்குதுன்னு தெரியாத இடத்தில் திரும்பிப் போவதுதான் சரி. கிளம்பும் முன் மைசுவாச்சா செயலியில் மழை எச்சரிக்கையையும், நீர்ப்பாசன வடிகால் இலாகாவின் பப்ளிக் இன்ஃபோபஞ்சிர் பக்கத்தில் ஆற்று மட்டத்தையும் பாருங்க.

மீறிக் காடி ஆழமான தண்ணியில் விழுந்துவிட்டால்? கனடாவின் மனிதோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் உண்மையான காடிகளைத் தண்ணியில் இறக்கி இதை ஆராய்ந்தவர். காடி உடனே மூழ்காது. பெரும்பாலும் அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரை மிதக்கும். அந்த நேரத்துக்குள் செய்ய வேண்டியது நான்கு.

ஒன்று: எல்லோரும் சீட் பெல்ட்டை அவிழ்க்கணும்.
இரண்டு: கதவைத் தொடாமல், கண்ணாடியை உடனே இறக்கணும்.
மூன்று: பிள்ளைகளை முதலில் வெளியே தள்ளணும், பெரிய பிள்ளையிலிருந்து தொடங்கி.
நான்கு: கண்ணாடி வழியாக நாமும் வெளியேறணும்.

போன் எடுத்து 999 அழைப்பது வெளியே வந்த பிறகு. கதவு ஏன் கூடாது? கதவின் வெளிப்பக்கம் அறுபது சென்டிமீட்டர் தண்ணி நின்றால், அது சுமார் 180 கிலோ எடையோடு கதவை அழுத்தும். அதை மீறித் திறந்தாலும் தண்ணி கொட்டி, காடி உடனே மூழ்கும். கண்ணாடிக்கும் இதே கதிதான்: தண்ணி கண்ணாடி அளவுக்கு ஏறிவிட்டால், அழுத்தம் கண்ணாடியை ரப்பரோடு ஒட்டிப் பிடிக்கும், நல்ல மோட்டாரே திணறும். மின்சாரம் பெரும்பாலும் சிறிது நேரம் இருக்கும், ஆனா அந்த நேரம் நிமிடக் கணக்குத்தான்.

இறங்காத கண்ணாடிக்கு விலை இதுதான் நண்பர்களே. பின்பக்கம் பாட்டியும் இரண்டு பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும்போது, அவங்க பக்கக் கண்ணாடி இறங்காதுன்னா, அவங்களுக்கு வழியே இல்லாத ஓர் அறையை நாம பூட்டி ஓட்டிக்கிட்டுப் போறோம்.

கண்ணாடி இறங்கலைன்னா உடைக்கணும். அதற்கு ஸ்பிரிங் வைத்த சின்னக் கண்ணாடி உடைப்பான் கடைகளில் கிடைக்குது. டெம்பர்ட் கதவுக் கண்ணாடியின் மூலையில் வைத்து அழுத்தணும், நடுவில் இல்லை. டின்டட் ஒட்டிய கண்ணாடி உடைந்தாலும் தாள் துண்டுகளைப் பிடிச்சுக்கும், முழங்கையால் வெளியே தள்ளுங்க. லேமினேட்டட் கண்ணாடியில் இந்தக் கருவி உதவாது. கருவியை ஓட்டுநர் கை எட்டும் இடத்தில் கட்டி வைங்க; பூட்டில் இருக்கும் கருவி இல்லாத கருவிக்குச் சமம்.

8. கிளைக்கு ஒரு வேலை

“வெள்ளம் வருமுன் அணை போடு” என்பது நம்ம பழமொழி. அதைச் செயலில் காட்ட நம்ம கிளைகளுக்கு நல்ல நாள் ஒன்று இருக்கு. இந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கோவில் திடலில் ஒரு காடிச் சோதனை கோத்தோங் ரோயோங் நடத்துங்க. தேவை பெரிதில்லை: ஒரு காற்றழுத்த மானி, நாலு சிலிகான் ஸ்ப்ரே, பழைய துணி, ஈர்க்குச்சி, ஓரிரண்டு மணி நேரம் தர மனமுள்ள ஒரு போர்மேன் அண்ணன். ஒவ்வொரு காடியிலும் ஆறு விஷயம் பாருங்க: நான்கு கண்ணாடியும் எல்லாச் சுவிட்சிலும் இறங்குதா, கதவுத் துளை திறந்திருக்கா, வைப்பர், விளக்குகள், டயர் பள்ளமும் காற்றும், கை எட்டும் இடத்தில் கண்ணாடி உடைப்பான். சரியில்லாததை ஒரு தாளில் எழுதி உரிமையாளர் கையில் கொடுங்க. தனியாக ஓட்டும் அக்காமார்கள், வயதான மாமாக்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வேன்காரர் ஆகியோரை முதலில் கூப்பிடுங்க. வாங்க வசதியில்லாத குடும்பத்துக்கு ஒரு ரெகுலேட்டரோ வைப்பரோ கிளை நிதியிலிருந்து கொடுத்தால், அது அன்னதானத்துக்குக் குறைந்த புண்ணியம் இல்லை. பிறகு சந்தனமும் குங்குமமும் வைங்க.

கிளைக் கூட்டத்தில் கலந்துரையாட

1. உங்க வீட்டுக் காடியில் இன்று இறங்காத கண்ணாடி உண்டா? எத்தனை நாளாக? அந்தப் பக்கம் வழக்கமாக உட்காருவது யார்?
2. உங்க வீட்டிலிருந்து வேலைக்கோ கல்லூரிக்கோ போகும் வழியில், மழையில் முதலில் தண்ணி ஏறும் இடம் எது? மாற்று வழி என்ன?
3. பெல்ட், கண்ணாடி, பிள்ளைகள், வெளியே: இந்த நான்கையும் வீட்டிலுள்ள சின்னப் பிள்ளைகளுக்குப் பயமுறுத்தாமல் எப்படிச் சொல்லிக் கொடுப்பீங்க?
4. கருவியைப் பேணுவதும் கருவியை வணங்குவதும் ஒன்றுதானா? உங்க தாத்தா பாட்டியிடம் தோட்டத்து ஆயுத பூஜை பற்றிக் கேட்டு வந்து, கூட்டத்தில் சொல்லுங்க.